பார்த்த சாட்சி

மாலை ஆறு ஐம்பதுக்கு, எம். புதுப்பட்டி சாலையோரம் இருட்டில் நடந்து வந்த என் மகளை ஒரு லோடு வேன் அடித்துப் போட்டது. அவள் கணக்கெழுதும் பட்டாசுக் கம்பெனியின் வாட்ச்மேன்தான் ஆட்டோவில் தூக்கிவந்தார்.

ஒல்லி உடம்பு, தொளதொளவென்று காக்கிச் சட்டை. வேலை முடிந்து போகும் பெண்களைத் தினமும் டார்ச் அடித்துச் சாலை கடத்திவிடுவாராம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எங்க கம்பெனி வேன்தான்யா. பில்லு இல்லாத லோடு. போலீசு கண்ணுல படக்கூடாதுன்னு லைட்டை அணைச்சுட்டு வந்தான் அந்தப் பய. நான் பாத்தேன். அழாதீக, எங்கன கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்.”

மகளின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேனின் இன்சூரன்ஸ் பணம் கிடைத்தால்தான் செயற்கைக் கால் பொருத்த முடியும். விபத்தைப் பார்த்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான்.

நாலாம் நாள் இன்சூரன்ஸ் விசாரணைக்கு அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து காத்திருந்தார். கடைசியில் வாட்ச்மேன் வந்தார், முதலாளியின் காரில். மகளின் விலகிய போர்வையை இழுத்து மூடிவிட்டார். அவ்வளவு பதமாக ஏன் செய்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

“வேன்ல லைட்டு எரிஞ்சுச்சு சார். பாப்பாதான் போனைப் பாத்துக்கிட்டே குறுக்க வந்துருச்சு.”