பூட்டிய அறையில் மீட்டிங்

இதை யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. பாதிக்கு நானே சாட்சி. மீதியைச் சொன்னவனுக்குப் பொய் சொல்ல வராது. "கதை விடுகிறாள்" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் அந்தப் போனில் நான் கேட்டதைக் கேட்டிருந்தால் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

அவனுக்கு ஆபீஸில் மியூட் என்று பெயர். வீட்டிலிருந்து வேலை பார்த்த நான்கு வருடமும், எந்த மீட்டிங்காக இருந்தாலும் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டே மூச்சுவிடாமல் பேசுவான். எல்லோரும் கத்திய பிறகுதான் விழித்துக்கொண்டு, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பான். எவ்வளவு கிண்டல் செய்தும் மனுஷன் திருந்தவில்லை.

பிறகு அந்த மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் எல்லோரும் ஆபீஸுக்கு வந்தே தீர வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. ஒருத்தி அன்றே வேலையை விட்டாள். ஒருவன் முதுகுவலிக்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கினான். சில கெட்டிக்காரர்கள் காலையில் கார்டைத் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டு நைசாக நழுவக் கற்றுக்கொண்டார்கள். நான் புலம்பிக்கொண்டே வந்தேன். மியூட் மட்டும் மேனேஜர் அறைக்குப் போய் நின்றான்.

"வீட்ல அம்மா தனியா இருப்பாங்க சார். கண்ணு சரியாத் தெரியாது."

"எல்லாருக்கும்தான் வீட்ல அம்மா இருக்காங்க."

பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஹாலில் அம்மாவின் கட்டில். அதை ஒட்டிய சின்ன அறையில் இவன் மேஜை. அம்மாவுக்கு ஆள் முகம் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் இவன் பேச்சுச் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் அவருக்குத் துணை. "நான் தனியாச் செத்துக் கிடந்தா யாருக்குடா தெரியும்?" என்று அந்த மெயில் வந்த அன்று அழுதிருக்கிறார். "நீ தனியா இருக்க மாட்டம்மா" என்று இவனும் அப்போதைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு சாவியைக் கொடுத்து, பதினோரு மணிவாக்கில் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் வந்தான்.

ஆபீஸிலோ ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேற்றூர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

முதல் நாள். மதியம் ஒரு மணி. என் பக்கத்து நாற்காலியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"

"உள்ள இருந்துக்கிட்டு எதுக்குடா போன் பண்ற? எந்திரிச்சு வந்து கேக்கக் கூடாதா?"

தூக்கக் கலக்கம் என்று நினைத்தான்.

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாள், "மீட்டிங்ல பேசிக்கிட்டே எனக்கும் எப்படிடா போன் பண்ற?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகமெல்லாம் கச்சிதம். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று இவனுக்கே எடுத்துச் சொல்பவர்.

அடுத்த நாள் காலை அந்த அறையைப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். லேப்டாப் இவன் தோளில். மதியம் போன் செய்தான்.

"ஏண்டா கதவப் பூட்டிக்கிட்டு வேலை பாக்குற? புழுக்கமா இருக்காது?"

அன்று அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை. மணி 3.20. என் தோளைத் தட்டினான். முகம் வெளிறிக் கிடந்தது.

"நீயும் வந்து கேளு. எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குதான்னு தெரியணும்."

போன் பேசுவதற்கென்றே இருந்த சின்னக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, போனை எடுத்துக்கிட்டு அந்த ரூம் கதவுகிட்டப் போ."

கட்டில் முனகியது. சுவரைத் தடவித் தடவி நடக்கும் சத்தம். பிறகு அமைதி...

டக்... டக் டக்...

கீபோர்டு.

நாற்காலிச் சக்கரம் உருண்டது. கர்ர்ர்...

ஒரு கனைப்பு. எனக்கு நன்றாகப் பழகிய கனைப்பு.

"கேக்குதா?"

மியூட்டைப் பார்த்தேன். அவன் வாய் மூடியிருந்தது.

"இப்ப... கேக்குதா?"

அவன் குரல். அச்சு அசல் அவன் குரல்...

பிறகு, மெதுவாக...

"யாராச்சும் இருக்கீங்களா?"

என் கை தானாகப் போனை அணைத்தது.

டாக்ஸி பிடித்து ஓடினோம். அறைப் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. அவன் கையிலிருந்து சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. திறந்தோம்.

ஆளில்லை. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. மேஜை காலி. நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

அம்மா கட்டிலில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். "வேலை முடிஞ்சுதா? கூட யாரு, ஆபீஸ் பொண்ணா?"

அன்று இரவே ராஜினாமா எழுதி அனுப்பினான். ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும், அதுவும் ஆபீஸுக்கு வந்துதான் என்றது கம்பெனி. பகலுக்கு ஒரு நர்ஸ் வைக்கலாம் என்றால் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நீ உள்ள இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?" அவருக்குப் பயம் போயே போய்விட்டது. அந்த நிம்மதியைக் கெடுக்க இவனுக்கு மனம் வரவில்லை. அது எதனால் வந்தது என்று யோசிக்கத் தைரியமும் இல்லை.

"நான் அங்க இல்லன்னே அம்மாவுக்குத் தெரியலப்பா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபீஸில் அவனுடைய கடைசி வாரம். காலை பத்தே முக்காலுக்குப் பெரிய மீட்டிங் அறைக்குள் போனோம். மொத்தம் எட்டுப் பேர். மியூட் முன்னால் நின்று, தான் பார்த்த வேலைகளை எங்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து போனைப் பார்த்தால், தையல்காரம்மாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள்.

அம்மா போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். தையல்காரம்மாவும் அங்கே இருந்தார். அவன் முகத்தையே பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று பொரிந்து தள்ளினார்.

"உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு? உயிர் போற நேரத்துல அப்படியே விட்டுட்டு ஆபீஸ் கிளம்பிட்டியே!"

"நான் காலையிலேயே போயிட்டேனேக்கா."

"யாருகிட்டச் சொல்ற? பதினொண்ணு அஞ்சுக்கு நான் பெல் அடிச்சப்ப நீதானே வந்து கதவத் திறந்த? கண்ணெல்லாம் செவந்து போய்... 'அம்மாவுக்கு முடியல, நான் பக்கத்துல இருக்கேன்'ன்னு சொல்லிட்டுப் போய்க் கட்டில்ல உக்காந்த. நான் என் வீட்டுக்கு ஓடி டாக்டருக்குப் போன் பண்ணிட்டு வந்தா, கதவு பூட்டிக் கிடக்கு. என் சாவியப் போட்டுத் திறந்து பாத்தா, அம்மா மட்டும் கிடக்காங்க."

நான் பேச வாயெடுத்தேன். மியூட் வேண்டாம் என்று தலையசைத்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அம்மா... பயந்தாங்களாக்கா?"

"எதுக்குப் பயப்படணும்? உன் கையக் கெட்டியாப் புடிச்சிருந்தாங்க. விடவே இல்ல."

மியூட் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்று ஐந்துக்கு அந்தக் கை, மீட்டிங் அறையில், என் கண்ணெதிரே, திரையில் ஒவ்வொரு பக்கமாக மாற்றிக்கொண்டிருந்தது.