டாக்டரம்மாவுக்கு ஒரு மகன்

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், வெயிலுகந்தம்மாள் அக்குபஞ்சர் பார்த்து வந்தாள். வருகிறவர்களில் பாதிப்பேர் முட்டிவலிக்காரர்கள். மீதிப்பேர் பெண்கள். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்துகொண்டவர்கள், கல்யாணமாகிப் பல வருஷம் போயும் வயிற்றில் ஒன்றும் தங்காதவர்கள். அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். "நான் டாக்டர் இல்லம்மா, அக்கான்னே கூப்பிடுங்க" என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

அவள் பிறந்தது குளத்தூர் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. மழைக்கு உளுந்து விதைப்பார், கோடையில் உப்பளத்து வேலைக்குப் போவார். மணியாச்சியில் ரயில்வே லைன் வேலை பார்த்த பூவனலிங்கத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு மாதவிலக்கு முறையாக வராது. சில மாதம் வராமலே இருக்கும், வந்தால் நிற்காது. ஆஸ்பத்திரி, நாட்டு மருந்து, கோயில் என்று அலைந்த பிறகு, மதுரையில் சீன வைத்தியம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனாள். அவர் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முடிபோல மெல்லிசான ஊசிகளைக் காலிலும் வயிற்றிலும் குத்தினார். காய்ந்த மாசிப்பத்திரி இலையைச் சுருட்டிக் கொளுத்தி, தொப்புளுக்குக் கீழே சூடு காட்டினார். அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. பிள்ளை வரவில்லை. பிறகு கட்டி வளர்ந்து, கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆகிவிட்டது.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான் அதே பெரியவரிடம் வைத்தியம் படிக்கப் போனாள். ஊரில் வளைகாப்பு வீடுகளில் தன்னைச் சமையல்கட்டுப் பக்கமே நிறுத்தி வைத்தது அவளுக்கு அலுத்திருந்தது. இந்த ஊசி தனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர்களிடமும் அதையே சொன்னாள். "உடம்பச் சீராக்கப் பாப்போம். புள்ளைக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி மாத்திரையையும் விட்ராதீங்க."

ஆரம்பத்தில் ஒருநாள் ஒரு தாய் தன் மகளோடு வந்தாள். மகள் கட்டிலில் படுத்திருக்க, ஊசி எல்லாம் குத்தி முடிந்திருந்தது. தாய் சாவகாசமாக, "உங்களுக்கு எத்தன புள்ளைய?" என்று கேட்டாள். "எனக்கு இல்லம்மா" என்றாள் வெயிலுகந்தம்மாள். அந்தத் தாய் எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்று, "ஊசிய எடுத்துருங்க" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வெயிலுகந்தம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான், எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முத்துசெல்வி தன் மாமியார் வெள்ளைத்தாயோடு வந்தபோது அவள் ஒரு பொய் சொன்னாள். ஆடு மேய்க்கிற குடும்பம். மருமகளுக்கு முகம் லேசாக ஊதியிருந்தது, முடி கொட்டியிருந்தது. எப்போதும் அசதி, பிள்ளையும் தங்கவில்லை என்றாள். தைராய்டுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாக்கு வெளிறி, ஓரமெல்லாம் பல்தடம் பதிந்திருந்தது. நாடி ஆழத்தில் மெதுவாக ஓடியது.

"சீன வைத்தியத்துல இதுக்கு உடம்புல சூடு பத்தலன்னு சொல்லுவாங்க. சிறுநீரகத்துச் சக்தி கொறஞ்சுபோச்சு, கர்ப்பப்பையில குளிர்ச்சி தங்கிருச்சும்பாங்க" என்று விளக்கினாள். "ஐஸ் தண்ணி வேண்டாம். ஆறின சோறு வேண்டாம். நேரத்தோட தூங்கு."

வெள்ளைத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அதே கேள்வியைக் கேட்டாள். "உங்களுக்கு எத்தன புள்ளைய தாயி?"

"ஒரு பையன்" என்றாள் வெயிலுகந்தம்மாள். வாய் தானாகச் சொன்னதுபோல இருந்தது. "சென்னையில படிக்கான்."

"பேரு?"

"ஹரிகிருஷ்ணன்."

அந்தப் பெயர் அவளும் பூவனலிங்கமும் கல்யாணமான புதிதில் பேசி வைத்திருந்தது. வேறு பெயர் அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது. அடுத்த தடவை வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை வெள்ளைத்தாய் ஒரு தூக்குவாளி நிறையக் கருப்பட்டிச் சேவு கொண்டுவந்திருந்தாள். "தம்பி லீவுக்கு வந்தாக் குடுங்க. மெட்ராஸ்ல இதெல்லாம் எங்கன கெடைக்கப் போவுது?" வெயிலுகந்தம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் பூவனலிங்கம் அதைச் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறதே, யார் தந்தது என்று கேட்டார். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் என்று மட்டும் சொன்னாள். அவளால் ஒன்றுகூட வாயில் வைக்க முடியவில்லை.

அதன் பிறகு வெள்ளைத்தாய் வந்தபோதெல்லாம் ஹரிகிருஷ்ணனை விசாரித்தாள். எந்த காலேஜ், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பெண் பார்க்கிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. முத்துசெல்வி கட்டிலில் படுத்தபடி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிரிப்பாள். மாதவிலக்கு ஒரு தடவை சரியாக வந்துவிட்டதால் அந்தப் பெண்ணுக்கு மிகவும் நம்பிக்கை.

ஒருநாள் சாயங்காலம் பூவனலிங்கம் அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்தார். மாடிப்படியில் வெள்ளைத்தாய் இறங்கிக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வீட்டுக்காரவியளா?" என்று நின்று, "மவன் இந்தத் தடவையும் லீவுக்கு வரலையா?" என்று கேட்டாள். மேலே வாசலில் வெயிலுகந்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

பூவனலிங்கம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "இல்லம்மா. பரீட்சை நேரம்" என்றார்.

இருவரும் பைக்கில் வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனதும் அவர் கேட்டார்.

"என்ன பேரு சொல்லிருக்க?"

"ஹரிகிருஷ்ணன்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். "அந்த அம்மாகிட்ட இனி என்ன கேட்டாலும் எங்கிட்டயும் சொல்லி வையி உகந்தா. மாத்திச் சொல்லிறப் போறேன்" என்றார். தன்னுடைய பொய்யை அவரும் சேர்ந்து சுமக்கும்படி செய்துவிட்டோம் என்று அவள் கூசிப்போனாள். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் வைத்தியத்தை விட்டுவிடுவாள், அது அவளுக்குத்தானே நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆடி கழிந்து முத்துசெல்வி வந்தபோது அவளை அடையாளமே தெரியவில்லை. கண்ணிமை வீங்கியிருந்தது. குரல் கம்மியிருந்தது. படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கினாள். நாடி முன்னைவிட மெதுவாக இருந்தது. மாதவிலக்கும் நின்றுபோய்விட்டது, வயிற்றில் தங்கியிருக்குமோ என்று பார்த்ததில் அதுவும் இல்லை.

"மாத்திரை சாப்பிடுதியா?"

முத்துசெல்வி தயங்கினாள். "நிப்பாட்டிட்டேன்."

"யாரக் கேட்டு நிப்பாட்டின? நான்தான் விடக்கூடாதுன்னு சொன்னேனே."

"அத்தைதான் சொன்னாவ. நீங்க ஆஸ்பத்திரிக்குப் பயந்து அப்படிச் சொல்லுதீங்களாம். உங்களுக்கும் இதே கோளாறு இருந்து, மாத்திரை ஒண்ணும் இல்லாம இந்த ஊசியிலதான ஹரிகிருஷ்ணனப் பெத்தீங்க? எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சுக்கா."

வெயிலுகந்தம்மாள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. தனக்கும் மாதவிலக்குக் கோளாறு இருந்தது என்று ஒருமுறை சொன்னாள். மகன் இருக்கிறான் என்று வேறொரு முறை சொன்னாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது வெள்ளைத்தாய். ஆனால் முடிச்சுப் போடக் கயிறு கொடுத்தது யார்?

ஊசிப் பெட்டியை மூடி வைத்தாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கால் மிஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பையன் இல்லம்மா. புள்ளையே இல்ல. கர்ப்பப்பையையும் எடுத்துட்டாங்க."

முத்துசெல்வி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப ஹரிகிருஷ்ணன்?"

"அப்படி ஒருத்தன் இல்ல. பொய் சொன்னேன். புள்ள இல்லாதவகிட்ட யாரு வருவான்னு வெக்கப்பட்டுச் சொன்னேன். நீ இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு. மாத்திரைய நிப்பாட்டினதையும் மறைக்காமச் சொல்லிரு."

முத்துசெல்வி சேலையைச் சரி செய்துகொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வந்த மாதிரித் தெரியவில்லை. "அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வெள்ளைத்தாய் வெளியே பெஞ்சில் மற்ற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். வெயிலுகந்தம்மாள் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டிருக்கலாம். வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

வெள்ளைத்தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "செவ்வாக்கெழமை தோறும் கோயில்ல ரெண்டு வெளக்குப் போடுதேன்" என்றாள் மெதுவாக. "எம் மருமவளுக்கு ஒண்ணு, உங்க மவனுக்கு ஒண்ணு. மெட்ராஸ்ல தனியா கெடக்கானேன்னு. நீங்க எங்கிட்ட சொன்னது பொய்யாவே இருக்கட்டும் தாயி. நான் சாமிகிட்ட சொன்னது?"

"ஏட்டி, வா" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளைத்தாய் படி இறங்கினாள். பெஞ்சில் இருந்தவர்களில் சிலர் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். முட்டிவலிக்கு வந்த ஒரு பெரியவர் மட்டும், தனக்கு இதில் என்ன என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊசி போடும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டாள்.

அதன் பிறகு பெண்கள் வருவது குறைந்தது. புதிதாக வருகிறவர்களிடம் நாடி பிடிப்பதற்கு முன்பே, தனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடப் பழகினாள். அதைச் சொல்வது அவளுக்கு ஒரு தடவைகூட எளிதாக இருக்கவில்லை. மார்க்கெட்டில் எட்டயபுரம் பஸ் நிற்கிற பக்கமாகப் போக வேண்டியிருந்தால் சுற்றி வேறு தெரு வழியாகப் போவாள்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் முத்துசெல்வி வந்தாள். முக வீக்கம் வடிந்திருந்தது. மாத்திரை அளவு கூட்டியிருக்கிறார்கள், தைராய்டு இப்போது கட்டுக்குள் இருக்கிறது, மாதவிலக்கும் வருகிறது என்றாள். கட்டிலில் படுக்கவில்லை.

"ஊசிக்கு வரலக்கா. ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரவியளையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுதாங்க. போவ மாட்டேங்காவ. கேட்டா, ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டுன்னு கத்துதாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் சொன்னா எப்படிம்மா கேப்பாரு? எம் பேச்சுக்கு உங்க வீட்ல என்ன மதிப்பு இருக்கப் போவுது?"

"நீங்க பொய்யும் சொன்னீங்க, அது பொய்ன்னு நீங்களே எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

அவள் புருஷன் சக்திகுமார் கீழே ஜெராக்ஸ் கடை ஓரம் பைக்கில் உட்கார்ந்திருந்தான். வெயிலுகந்தம்மாள் இறங்கிப் போனாள். அவன் இறங்கி நின்றான், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தம்பி, எனக்குப் புள்ள இல்லன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "அத்தன வருஷமும் எனக்கு மட்டுந்தான் ஸ்கேன், எனக்கு மட்டுந்தான் மாத்திரை, ஊசி எல்லாம். எங்க வீட்ல அவியள ஒரு டெஸ்ட்டுக்கும் யாரும் கூப்பிடல. நானும் கூப்பிடல. கூப்பிட்டா அவியளுக்கு அவமானம்னு நெனச்சேன். எல்லாத்தையும் நானே சுமந்துக்கிட்டேன். குறை யாருகிட்டன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல."

சக்திகுமார் பைக் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். "வெறும் வயித்துல போவணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். சாப்பிட்டுட்டே போங்க. மத்தத அங்க சொல்லுவாங்க."

அவன் போனான் என்று முத்துசெல்வி பிறகு போனில் சொன்னாள். முடிவு என்ன வந்தது என்று வெயிலுகந்தம்மாள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சக்திகுமாரிடம் பேசிய அன்றைக்கு பூவனலிங்கம் வேலை முடிந்து வந்ததும், அவரைப் பற்றி அந்நியன் ஒருவனிடம் தெருவில் நின்று பேசிவிட்டதை அவரிடம் சொன்னாள். மறைத்து இன்னொன்றைச் சேர்க்க அவளுக்குத் தெம்பில்லை. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல உகந்தா" என்றார். "பயமாத்தான் இருந்துச்சு. நீ கூப்பிடாம விட்டது எனக்குச் சௌகரியமாப் போச்சு."

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது. அவர் தலை குனிந்திருந்தது. வெயிலுகந்தம்மாள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு இருவருக்குமாகத் தட்டு எடுத்து வைத்தாள்.