நீலக் கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார்

இடமாறுதல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூப்பிடும் நேரத்தில் ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். தாமதமாக வருகிறவருக்கு மிச்சம் மீதிதான். ஆக, காலை இழுத்து நடக்கிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நிற்க வேண்டும். இதை யோசித்த புண்ணியவானை ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன வருடப் பட்டியலில் நான் மூன்றாவது. பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளியில் ஒரே ஒரு காலியிடம் வந்திருந்தது. நான் வேலை பார்ப்பதோ சித்தேரி மலையடிவாரத்தில். அரூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வர முடியும். நான்காம் வகுப்பு படித்த என் மகளுக்கு அவள் அப்பாதான் தலைவாரி விடுவார். வகிடு எப்போதும் கோணல். அன்று காலை நான் கிளம்பும்போது, "இனிமே தெனமும் வூட்டுக்கு வந்துருவதானம்மா?" என்று கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

தருமபுரியில் கலந்தாய்வு நடந்த பள்ளிக்குள் என் ஸ்கூட்டர் நுழைந்தபோது மணி ஒன்பது இருபது. ஒன்பதரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். என் வண்டி பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்தது, அகலம் அதிகம். பக்கத்தில் இடம் இருந்தால்தான் ஊன்றுகோலை ஊன்றி இறங்க முடியும். அரங்கத்துக்கு ஏறும் சாய்தளத்தை ஒட்டி, சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலக் கட்டம் ஒன்று இருக்கிறது. மொத்தப் பள்ளிக்கும் அது ஒன்றுதான். அதில் ஒரு வெள்ளைக் கார் அம்சமாக நின்றுகொண்டிருந்தது.

"யார் வண்டிங்க இது?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"தெரியலீங்கம்மா. ஏழு மணிக்கே போட்டுட்டு உள்ள போயிட்டாருங்க."

ஏழு மணிக்கே! மற்ற நாளென்றால் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் "ரெண்டே நிமிசந்தாங்க" என்று ஒரு சாக்காவது சொல்வார்கள். இவன் விடியக்காலையிலேயே எழுந்து, குளித்து, திட்டமிட்டு வந்து என் இடத்தைப் பிடித்திருக்கிறான். ஹாரனை விடாமல் அடித்தேன். யாரும் வரவில்லை. எங்கள் பள்ளி அறிவியல் சாரும் அன்று வருவதாகச் சொல்லியிருந்தார். மலைப் பேருந்தில் எனக்குத் தினமும் துண்டு போட்டு சீட் பிடித்துத் தருகிற மனிதர். அவருக்கு நான்கு முறை போன் செய்தேன். அவரும் எடுக்கவில்லை.

மணி ஒன்பது இருபத்தெட்டு. மற்ற இடமெல்லாம் பைக்குகள். இறங்குவதற்கு இடம் கிடைத்தது கேட்டுக்கு வெளியேதான். அங்கிருந்து சாய்தளம் வரைக்கும் கட்டட வேலைக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு ஜல்லியில் நடப்பது எப்படி என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து, நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்ததை வைத்தேன். உள்ளே மைக்கில் யாரோ பேசுவது கேட்டது. என் பெயர் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. விழுந்துவிடுவேனோ என்கிற பயத்தைவிட அந்த மைக்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. காரைத் தாண்டும்போது ஊன்றுகோலால் டயரில் ஓங்கி ஒரு போடு போட்டேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பிடி நழுவி, கதவைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

அரங்கத்துக்குள் போனபோது என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். பாப்பாரப்பட்டி போய்விட்டது. அந்த இடத்தை எடுத்தவர், பட்டியலில் எனக்கு அடுத்து இருந்த டீச்சர். அவருக்கு இடது கை முழங்கைவரைதான். ஆணையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவரிடம் போய் நான் என்ன சண்டை போடுவது?

அப்போதுதான் அறிவியல் சார் பின்வரிசையிலிருந்து எழுந்து வேகமாக வந்தார். "டீச்சர், எப்ப வந்தீங்க? வண்டிய எங்க நிறுத்துனீங்க?"

வெளியில் என்றேன்.

"வெளியிலயா? உங்க எடத்துல வேற எவனும் போட்டுரக் கூடாதுன்னுதான காலங்காத்தால நம்ம காரக் கொண்டாந்து போட்டு வெச்சன். லீவுல வாங்குனதுங்க, செகண்ட் ஹேண்ட்தான். நீங்க வந்து போன் பண்ணா எடுத்துரலாம்னு இருந்தன். உள்ள வந்ததும் போன வாங்கி வெச்சுக்கிட்டாங்க டீச்சர்."

பேருந்தில் துண்டு போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விஷயம் புரிந்து அது வெளுத்துப் போயிருந்தது. "பரவாயில்லைங்க சார்" என்றேன். அன்று நான் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

மகளிடம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருடம் பாப்பாரப்பட்டியிலேயே இன்னொரு பள்ளியில் ஓர் இடம் காலி. கலந்தாய்வு அதே அரங்கத்தில்தான். பத்து நாள்தான் இருக்கிறது, எனக்கு இப்போதே சாப்பாடு இறங்கவில்லை. நேற்று சார் வந்து, "இந்தத் தடவ நான் வண்டிய வுட்டு எறங்கவே மாட்டனுங்க டீச்சர். உள்ளயே உக்காந்திருக்கறன். நீங்க வந்ததும் எடுத்தர்றன்" என்றார்.

"வேணாங்க சார். அந்த எடத்தச் சும்மா காலியா வுட்டுருங்க, போதும்."

"காலியா வுட்டா வேற யாராச்சும் கொண்டாந்து போட்டுருவாங்களே டீச்சர்."

அவர் சொன்னது நிஜம். யாராவது போட்டுத்தான் விடுவார்கள். பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவர் கடத்தூர்ப் பக்கத்து ஆசிரியர். அவரும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் வருவார். அவருக்கும் அந்தக் கட்டம் ஒன்றுதான். எனக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்தால், கட்டத்தில் சார் கார் நிற்கும்; அவர் கேட்டுக்கு வெளியே இறங்கி, இன்னும் அள்ளாமல் கிடக்கிற அந்த ஜல்லியில் நடக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஏழு மணிக்கே போயிடுங்க சார்" என்றேன்.