வடசரிவில் தோண்டிய குழி

புர்கி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சோறு போடுவதில் தாராளம். பனிமலைக்குப் போனால் மட்டும் வாயைத் திறந்தாலே ‘வேண்டாம்’தான் என்று வில்கிராட்டன் பள்ளத்தாக்கில் அவளுக்குப் பெயர். கூட ஸ்கீ போட்டுப் பனியில் சறுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோய், புருஷன் ரோமெட் மட்டும் மிஞ்சினான்.

முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு அந்த ஞாயிறுதான் அவன் முதன்முதலாக மலையேறினான். போன குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்மலையின் வடசரிவையே பார்த்துக் கிடந்தவன். அதில் ஒரு தடவை சறுக்கி இறங்கிவிட்டால் தான் பழைய ஆள்தான் என்று அவனுக்கே நம்பிக்கை வந்துவிடும். புர்கிக்கும் அது தெரியும்.

சரிவின் விளிம்புக்கு வந்ததும், பனி பெயர்ந்து சரியுமா என்று சோதிக்க அவள் மண்வாரியை எடுத்தாள்.

“ஆரம்பிச்சிட்டியா? எனக்கு வயிறு காயுது.”

“பையில ரொட்டியும் பன்னிக்கறியும் இருக்கு. தின்னுட்டுச் சும்மா இரு.”

இடுப்பளவு தோண்டிச் சுவரை வழித்தாள். மேலே காற்று இறுக்கிய பனி, பலகை போல. அதன் கீழே, விரல் பட்டதும் சீனியாக உதிரும் ஓர் அடுக்கு. பனியில் ஒரு தூணை அறுத்துத் தனியாக்கி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டினாள். மணிக்கட்டால் தட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து வீசித் தட்டத் தொடங்கியதுமே தூணின் மேல்பாதி, மேசை இழுப்பறை திறப்பது போல, அப்படியே அவள் மடிக்கு வழுக்கி வந்தது.

ரோமெட் மெல்லுவதை நிறுத்தினான்.

“அந்தப் பாறைகிட்டத் தோண்டிப் பாரேன்.”

“சரின்னு சொல்ற இடம் கிடைக்கிற வரைக்கும் தோண்டச் சொல்லுவ.”

“ஒரு வருஷம் காத்திருந்தேன், புர்கி.”

“நான் மட்டும்? உன்னைக் கக்கூசுக்குத் தாங்கிட்டுப் போனது யாராம்?”

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபந்தான் மிஞ்சியது. ஏறி வந்த காட்டுவழியிலேயே, சமதளங்களில் கோலை ஊன்றித் தள்ளியபடி, திரும்பிப் பாராமல் முன்னால் இறங்கிப் போனான்.

மறுநாள் காலை வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், வடசரிவில் இரண்டு புதிய ஸ்கீத் தடங்கள், பின்னல் போட்டது போல அழகாக. சரிவு அசையாமல் கிடந்தது.

“பாத்தியா? ரெண்டு பேர் போயிருக்காங்க. ஒண்ணும் ஆகல.”

“நல்லது. வீடு போய்ச் சேந்திருப்பாங்க.”

“நாமளும் சேந்திருப்போம்.”

புர்கி காப்பியைக் கீழே வைத்தாள். “இருக்கலாம்,” என்றாள்.

சண்டைக்குத் தயாராக இருந்தவன், அவள் வேலைக்குக் கோட்டு மாட்டும் வரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த மாதாகோயில் மேட்டுல இந்தப் பனியில இறங்கலாமா?”

“அது சாய்வே இல்லாத இடம். பச்சப்புள்ளைங்க போற மேடுன்னு நீதானே கிண்டல் பண்ணுவ?”

“என் புது முழங்காலுக்கும் ஒரு வயசுதானே ஆகுது,” என்றான் ரோமெட்.