தேடினால் கிடைக்காத தலைப்பு

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் பம்ப்செட், மோட்டார் விற்கும் கடை என்னுடையது. மத்தியானம் ஈ ஓட்டும் நேரத்தில் இணையத்திலுள்ள ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுவேன். கட்டுரையில் எழுதியவர் பெயர் வராது; காசும் வராது. வீட்டில் இதை ஒரு வியாதியாகத்தான் பார்க்கிறார்கள்.

அப்படித்தான் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி எழுதினேன். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். அதை நடத்துகிறவர் யாரென்றே தெரியாது, விலை விழுந்தால் கேட்க நாதியில்லை என்பதையெல்லாம் ஆதாரத்தோடு, சாந்தமான நடையில் எழுதியிருந்தேன். தலைப்பில்தான் மேதாவித்தனம். ஆங்கிலப் பெயரை அப்படியே விட மனசு வரவில்லை. பிரித்து மேய்ந்து, செந்தமிழில் மொழிபெயர்த்து வைத்தேன். கல்வெட்டு மாதிரி கம்பீரமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டசோழநல்லூரில் அக்கா வீட்டுக்குப் போனால், கறவை மாடு இரண்டையும் விற்கப் போகிறாளாம். வெள்ளிக்கிழமை தரகர் வருகிறாராம். வருகிற பணத்தை அதே நாணயத்தில் போடப் போகிறாளாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அவள் குடும்பம் நடக்கிறது.

“வேணாங்கா, அத்த நம்பாத.”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டா. நான் போன்ல பேரப் போட்டுப் பாத்துட்டேன். தப்பா ஒண்ணும் வரலியே.”

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த நாணயத்தை விற்கிறவர்களின் வீடியோவாக வந்து கொட்டியது. என் கட்டுரை எங்கே வரும்? என் தலைப்பைத் தட்டித் தேடக்கூடிய ஒரே ஆள் நான்தான். என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஓர் அழைப்பு. திரையில் ‘சின்ன மாமா (கரும்பு லாரி)’ என்றிருந்தது. அவளுக்குச் சின்ன மாமாக்களே நாலு பேர். எங்கள் பக்கம் எல்லார் போனிலும் இப்படித்தான்: கூப்பிடுகிற பெயர் முன்னால், ஆள் இன்னார் என்பது பின்னால்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தலைப்பை மாற்றினேன். ஊரார் வாயில் வரும் பெயர் அப்படியே. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கிரிப்டோ நாணயம்’. கட்டுரையின் விவாதப் பக்கத்தில் சக எழுத்தாளர் ஒருவர், “தமிழைக் கைவிட்டுவிட்டீர்களே” என்று வருத்தப்பட்டார். “தேடுகிறவர்களைக் கைவிடக் கூடாதே ஐயா” என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை, கட்டுரை தேடலில் வர ஆரம்பித்ததும் அக்காவைக் கூப்பிட்டு, “இன்னொரு வாட்டி தேடிப் பாரேன்” என்று மட்டும் சொன்னேன். எழுதியது நான் என்று மூச்சு விடவில்லை. சொன்னால் அதையும் நம்ப மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“தரகரத் திருப்பி அனுப்பிட்டேன்டா. அந்தக் காயினப் பத்தி போன்ல வெவரமா போட்டிருக்காங்க.”

“அதத்தானே நானும் சொன்னேன்?”

“நீ சொல்றதும் இதுவும் ஒண்ணாடா? இது யாரோ படிச்சவங்க எழுதனது.”