வெந்நீருக்கு முன் பத்து நிமிடம்

லாட்ஜில் நைட் டூட்டி பார்ப்பவன் விடிகாலையில் கும்பிடும் சாமி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் வெந்நீர்.

ஏற்காட்டுக் குளிரில் இருபத்திரண்டு அறைக்காரர்களும் ஒரே நேரத்தில் விழிப்பார்கள், ஒரே நேரத்தில் குழாயைத் திருகுவார்கள், ஒரே நேரத்தில் எனக்குப் போன் அடிப்பார்கள். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்த பிறகு போர்வைக்குள் புரளுகிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாட்ச்மேனோ, நர்ஸோ, லாரி டிரைவரோ, நம் எல்லோருக்கும் நோய் ஒன்றுதான். படுத்தால் கண் மூடாது. உட்கார்ந்தால் கால் ஆடும். எனக்குப் பத்தொன்பது வருஷமாக ஆடுகிறது.

போசியோடு வந்த கேள்வி

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு என் மனைவி செல்வி ஒரு டம்ளரைக் கை தவறிக் கீழே போட்டாள். சாதாரண எவர்சில்வர் டம்ளர். அப்போதுதான் லேசாகக் கண் அசந்திருந்த நான் துள்ளி எழுந்து, அந்த டம்ளரையும் அதன் வம்சத்தையும் திட்டி, ஜன்னல் வழியே காப்பித் தோட்டத்துக்குள் வீசினேன். பிறகு அதன் ஜோடியையும் வீசினேன். செல்வி என்னைச் சேர்வராயன் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, என் சார்பில் அவளே வேண்டிக்கொண்டாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தினமும் பத்து நிமிடம் நான் அசையாமல் உட்கார்ந்து சாமி கும்பிட வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. வேண்டிய கையோடு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நாகலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தெட்டு முடிந்தால் திரும்பி வருவாளாம். முடியாவிட்டால் அங்கேயே எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிடுவாளாம். செல்வி சொன்னால் செய்வாள். அதுதான் அவளிடம் எனக்குப் பயம்.

ஆனாலும் சோறு நிற்கவில்லை. நாகலூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் தினமும் ஒரு தூக்குப் போசி, அதாவது மூடி போட்ட தூக்குவாளி, வந்தது. எங்கள் மலையில் பஸ் என்பது ஆளை மட்டும் ஏற்றுவதில்லை. மருந்து, ஜாதகம், கோழி, குடும்பச் சண்டை எல்லாம் அதில்தான் போய்வரும். கண்டக்டர் ராசு லாட்ஜ் வாசலில் சோற்றுப் போசியைக் கொடுத்து, காலிப் போசியை வாங்கிக்கொண்டு, என் கணக்கையும் கேட்டுக்கொண்டு போவார். முதல் நாள் பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, படியில் நின்றபடி உரக்கக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. இன்னிக்குச் சும்மா இருந்தீங்களா, இல்லீங்களா?"

முன்பாதி போன புத்தகம்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கற்றதெல்லாம் விருந்தாளிகள் அறையில் விட்டுப்போன தாள்களில்தான். ஏதோ ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விளக்கப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இங்கிலீஷ் கற்றேன். இன்றும் எனக்கு இங்கிலீஷில் கோபம் வந்தால் "கதவைத் திறந்து வைக்காதீர்கள்" என்பதுதான் முதலில் வாயில் வரும். தியானம் பற்றியும் ஒரு புத்தகம் பதினாலாம் நம்பரில் கிடைத்தது ஞாபகம் வந்து, ஸ்டோர் ரூமில் தேடி எடுத்தேன்.

அது எண்பத்தோராம் பக்கத்திலிருந்து தொடங்கியது. முன்பாதியை யார் கிழித்தார்கள் என்று யோசித்தபோது வெட்கமாகிவிட்டது. போன மழைக்காலத்தில் சுள்ளியெல்லாம் நனைந்து கிடந்ததால் பாய்லர் பற்றவைக்க அதிலிருந்து தினமும் நாலு தாள் கிழித்தவன் நானேதான். கண்ணை எப்படி மூடுவது, மூச்சை எங்கே நிறுத்துவது, மனசை என்ன செய்வது எல்லாம் வெந்நீராகி இருபத்திரண்டு அறைக்கும் போய்விட்டது. மிச்சமிருந்த முதல் வரி: "இப்போது மெல்லக் கண்களைத் திறங்கள். எவ்வளவு லேசாக இருக்கிறது, பார்த்தீர்களா?" சமையல்கட்டுப் பழனியம்மாளிடம் என் துக்கத்தைச் சொன்னேன். கிளியூரிலிருந்து விடியுமுன் நடந்தே வந்து டீ போடுகிற அம்மா, எதற்கும் அசராதவர். அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அதுக்கென்னுங்கண்ணா, மூடாமயே தொறந்துக்குங்க. நேரமாச்சும் மிச்சம்."

ஏழாம் நம்பர் பார்த்த பிணம்

நாலே முக்காலுக்குப் பாய்லரைப் பற்றவைத்தால் தண்ணீர் சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பத்து நிமிடம் சாமிக்கு என்று முடிவு செய்தேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். சேர்வராயா என்றேன். உடனே உள்ளேயிருந்து, ஏழுக்கு வெந்நீர், பன்னிரண்டுக்கு இன்னொரு போர்வை, பதினெட்டில் குழந்தைக்குப் பால் என்றது ஒரு குரல். மறுபடி சேர்வராயா என்றேன். போர்வை துவைத்ததா பார் என்றது.

அப்போது ஏழாம் நம்பர் பெரியவர் பக்கெட்டோடு இறங்கி வந்தார். மணியைத் தட்டினார். நான் அசையவில்லை, அசைந்தால் அந்தப் பத்து நிமிடம் மறுபடி முதலிலிருந்து. என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். பதற்றத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. "ஐயோ, ஆள் போயிட்டாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒரு அம்மா வலிப்பு என்று சொல்லி என் உள்ளங்கையில் அறைச் சாவிக்கொத்தைத் திணித்தார். இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக் காற்றோட்டமாக வாசலில் வைத்தார்கள். அங்கே காற்று மட்டுமல்ல, பனியும் ஓட்டமாக இருந்தது. கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்க முடியாததால் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுநூறு ஆனதும் கண்ணைத் திறந்து, "வணக்கம் சார், சொல்லுங்க" என்றேன். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பெரியவர் மட்டும் பக்கெட்டை விடாமல் நின்று சொன்னார்: "உசுரு இருந்தா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னய்யா? செரி, வெந்நி வந்துருச்சா?"

தலையில் வைத்த கை

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். அது பன்னிரண்டாம் நாள். மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே படுத்திருந்தது. உட்கார்ந்து நாலைந்து நிமிடம் இருக்கும். பின்னால் யாரோ மெதுவாக வந்து உட்காருவது தெரிந்தது. அப்புறம் என் தலைமுடிக்குள் விரல்கள் நுழைந்தன. அவ்வளவு இதமான விரல்கள். ஒவ்வொரு முடியாக விலக்கி, நிறுத்தி நிதானமாகத் தடவின.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்விதான் சொல்லாமல் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் என் தலையில் கை வைத்துத் தூங்கவைப்பாள். அந்தத் தூக்கம் போய் எத்தனையோ வருஷம். கண்ணைத் திறக்காமலே, "டம்ளரை வீசுனது தப்புதான் செல்வி" என்றேன். பதிலுக்கு என் காதை ஒரு கை பிடித்துத் திருகியது. கண்ணைத் திறந்தேன். நல்ல கிழட்டுப் பெண் குரங்கு. மன்னிப்பை ஏற்றுக்கொண்ட முகத்தோடு என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தொட்டிமேல் ஏறிவிட்டது. கண்ணாடியை மீட்க இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்த பழனியம்மாள் என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க தலைக்குள்ள ஏதோ இருக்குதுன்னு நம்பித் தேடுன மொத ஆளு அதுதானுங்கண்ணா."

பேசாதவர்கள்

இருபதாம் நாள் வாக்கில், மௌனம் பழக என்று சமவெளியிலிருந்து ஒரு கூட்டம் பத்து அறைகளை எடுத்தது. மூன்று நாள் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல விருந்தாளிகள் வந்ததில்லை என்று நினைத்தேன். காலை ஐந்துக்கு முதல் போன் அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும். "வெந்நீருங்களா?" என்றேன். மூச்சு. "போர்வைங்களா?" மூச்சு. "டீங்களா?" என்றதும் மூச்சு கொஞ்சம் வேகமானது. டீ கொண்டுபோனால், அவர் கையை ஆட்டித் தலையை ஆட்டிக் கதவை மூடிவிட்டார். அவருக்கு வேண்டியது கொசுவத்தி என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

பத்து அறைக்கும் இப்படியே. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சோப்பிலிருந்து சீப்பு வரை லாட்ஜில் உள்ள அத்தனை சாமானையும் ஏலம் போடுவதுபோல் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை கட்டிவிட்டது. அந்த மூன்று நாளும் என் பத்து நிமிடத்தைப் பழனியம்மாள் பாத்திரங்களுக்கு நடுவில், ஊறவைத்த உளுந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கழித்தேன். கிளம்பும் நாள் அவர்களுடைய குரு என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளில் முதல் முறையாக வாய் திறந்தார்: "எல்லாம் அருமை. ஒரே ஒரு குறை. இந்தக் கட்டடத்துல நீங்க மட்டும் ஓயாம பேசிக்கிட்டே இருந்தீங்க."

முப்பத்தொன்று

குரங்கு கலைத்த அன்று மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் முப்பதைத் தொட்டுவிட்டேன். இன்னும் பதினெட்டு. போசியில் அதுவரை வெறும் களியும் கீரையும் வந்துகொண்டிருந்தது. முப்பதாம் நாள் கீழே ஒரு முட்டை புதைந்திருந்தது. நாகலூரில் காற்று திரும்புகிறது என்று புரிந்துகொண்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் ஒரு கல்யாண வீட்டார் லாட்ஜ் முழுக்க இருந்தார்கள். பாய்லரைப் பற்றவைத்து, அதன் பக்கத்திலேயே காப்பிக் கட்டைகளின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். முதுகில் கதகதப்பு. சேர்வராயா என்றேன். ஏழாம் நம்பர் என்று யாரும் குறுக்கே பேசவில்லை. மறுபடி சொன்னேன். எதிரொலிகூட இல்லை. இதுதானா அது, எண்பத்தோராம் பக்கத்துக்கு முன்னால் இருந்தது இதுதானா என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. பிறகு என் தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். மணி ஆறேகால். பாய்லர் அணைந்து சாம்பல் பூத்திருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. மணப்பெண் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு முகூர்த்தத்துக்குப் போயே விட்டாள். உலுக்கியவர் லாட்ஜ் மேனேஜர், என்னைவிடச் சின்னவர், சேலத்துப் பிள்ளை, கோபம் வந்தாலும் மரியாதை குறையாதவர். "அண்ணே, உங்க சாமிக்கு ஒரு கும்பிடு. பொண்ணு பல்லு தந்தியடிச்ச அடியில மேளக்காரரே தாளத்தை மாத்திக்கிட்டாராம்."

டிக்கெட் பரிசோதனை

அந்தக் களேபரத்தில் நாகலூர் பஸ் வந்து நின்றது. ராசு போசியை நீட்டி, "முப்பத்தொண்ணுதானுங்களே?" என்றார். போசி சூடாக இருந்தது. இரண்டு முட்டை இருக்கும்போல் கனத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் முப்பது நாள் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனோ, அவர் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் ஒரு கூச்சம்.

"இல்லீங்க ராசு. கும்பிட உக்காந்து தூங்கிட்டேன். சைபர்னு சொல்லிருங்க" என்றேன். பஸ்ஸே உச்சுக் கொட்டியது. முன் சீட்டு அம்மா ஒருவர், "அடப் பாவமே, திரும்பவும் ஒண்ணா!" என்றார். ராசு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குனிந்து என் காதோடு சொன்னார்: "முப்பத்தொண்ணுன்னே சொல்லிக்கறனுங்க. சேர்வராயன் என்ன, நம்ம வண்டியில டிக்கெட்டுப் பரிசோதனைக்கா ஏறப்போறாரு?" வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் பஸ்

மறுநாள் உட்கார்ந்து எழுந்து ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். பஸ் வந்தது. ராசு வெறுங்கையோடு இறங்கினார். போசி இல்லை. எஸ்டேட்டில் பேர் கொடுத்துவிட்டாள் என்று நினைத்த நொடியில் என் கால் தானாகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. அவருக்குப் பின்னால் ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் போசியுமாகச் செல்வி இறங்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே பழனியம்மாளிடம் போனாள்.

"ஏனுங்கக்கா, நெசமாவே தூங்குனாருங்களா? சும்மா கண்ணை மூடிட்டுக் கெடந்தாருங்களா?"

"அட நீங்க ஒண்ணு! கொறட்டை கிளியூரு வரைக்கும் கேட்டிருக்குமுங்க. போன் நொம்ப நேரம் அடிச்சுது, மனுசன் அசையலியே."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான், "இன்னிக்கு ஒண்ணுதான் ஆச்சு செல்வி" என்றேன். போசியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மிச்சம் நாப்பத்தேழு எங்கண்ணு முன்னால நடக்கட்டும். ஒரு டம்ளர் சத்தத்துக்குத் துள்ளுற ஆளு இத்தன போனுக்கு முழிக்கலீன்னா, நான் கேட்டதைச் சாமி குடுத்தாச்சுங்க. வாங்க ஊட்டுக்கு."

இப்போது காலையில் வீட்டுக்குப் போனதும் பாயில் உட்காருகிறேன். செல்வி எதிரே உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தரம் "அசையாதீங்க" என்று அதட்டியபடி தானும் கும்பிடுகிறாள், பெரும்பாலும் ஏழாம் நிமிடத்தில் நான் சாய்ந்துவிடுகிறேன், கணக்கு இதுவரை நாலைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் கண்டது இதுதான், சக நைட் டூட்டிக்காரர்களே: சாமிக்குப் பத்து நிமிடம் ஒதுக்க ஒருவன் விரதம் இருந்தால் போதாது, அந்தப் பத்து நிமிடமும் வெந்நீர் கேட்காமல் இருக்க இருபத்திரண்டு அறைக்காரர்களும் சேர்ந்து ஒரு மண்டலம் இருக்க வேண்டும்.