பாலத்தடியில் ஒரு பெஞ்சு

எங்கள் செருப்புக்கடை அக்காவுக்கு ஊரில் ‘பிடிவாதம்’ என்றே பெயர். கணவர் இறந்ததும் கடையை விற்றுவிடச் சொன்னவர்களிடம், “வித்துட்டு உங்க வீட்ல வந்து உக்காரவா?” என்று கேட்டவர் அவர்.

பெரிய ஆலை மூடியதும் ஊரில் காசு புழங்குவது குறைந்தது. சனிக்கிழமையானால் ஜனங்கள் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே எல்லாம் மலிவு. புது ஷூவுக்குச் சுங்கத்தில் வரி கேட்பார்களே என்று, பழையதை அங்கேயே குப்பைத்தொட்டியில் வீசி, ரசீதையும் கிழித்துப் போட்டு, புதியதை மாட்டிக்கொண்டு நடந்தே திரும்புவார்கள். பாலம் நீளமானது. பாதி வருவதற்குள் குதிகால் தோல் உரிந்துவிடும். ரசீது இல்லாமல் மாற்றவும் முடியாது. திங்கட்கிழமை எங்களிடம் வந்து, “கொஞ்சம் இளக்கிக் குடுங்கக்கா” என்பார்கள். அக்காவும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். புதிதாக வாங்கத்தான் யாரும் வரவில்லை.

ஒருநாள் அவருடைய தம்பி கடைக்கு வந்தார். நான் பின்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“வேலைக்கு இருக்கிற ரெண்டு பேரையும் நிறுத்திடுக்கா. இந்த வருஷம் தப்பிக்கலாம்.”

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். மற்றவர் தையல் போடும் அண்ணன். கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“நிறுத்தினா இவங்களும் விலை மலிவுன்னு பாலம் ஏறிடுவாங்க,” என்றார் அக்கா. “அப்புறம் நான் யாருக்குடா விக்கிறது?”

அந்தச் சனிக்கிழமை மாலை பெஞ்சு, கால் அளக்கும் பலகை, ஷூ பெட்டிகள் எல்லாவற்றையும் பாலத்தின் எங்கள் பக்க முனைக்குத் தூக்கிப் போனோம். முதலில் நொண்டிக்கொண்டு இறங்கியது அதே தம்பிதான். கூட அவர் மனைவி.

“என்னடா நடை இது?”

“ஒண்ணுமில்லக்கா, கால் மரத்துப்போச்சு.”

“அந்தப் பக்கத்துக் கடையிலேர்ந்தே மரத்துப்போய்தான் வர்றார் அண்ணி,” என்றாள் மனைவி.

“சரிக்கா, கொஞ்சம் இளக்கிக் குடு.”

“அந்தப் பக்கத்து ஷூவை இனிமே தொட மாட்டேன். உக்காரு, காலை நீட்டு.”

“சொந்தத் தம்பிகிட்டயே வியாபாரமா?”

“சொந்தத் தம்பியே அங்க போய்த்தானே வாங்குறான்?”

பின்னால் நொண்டி வந்தவர்கள் சிரித்தார்கள். காவலர் ஒருவர் வந்து, இங்கே கடை போடக்கூடாது என்றார்.

“கடை எங்கய்யா போட்டேன்? கால் வலியோட வந்த தம்பியை உக்கார வெச்சிருக்கேன். அதுக்கும் தடையா?”

காவலர், தம்பியின் குதிகாலைப் பார்த்தார். அப்படியே நகர்ந்துவிட்டார்.

அக்கா மாட்டிவிட்ட புது ஷூவில் தம்பி எழுந்து நின்று நடந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. விலைதான் ஜாஸ்தி.”

“ஆமா, ஜாஸ்திதான்.” அக்கா எங்கள் இருவரையும் காட்டினார். “இவங்க சம்பளமும் அதுல இருக்கு. கட்டிட்டுப் போ.”

நான் தலை நிமிரவில்லை. அடுத்தவரின் காலைப் பலகையில் வைத்து அளவெடுத்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் நின்றார்கள்.

மறு சனிக்கிழமையும் பெஞ்சைத் தூக்கினோம். விலையைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று முணுமுணுத்தபடி, தம்பி பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.